சிமெண்டுக்குள் சிறைப்படும் யுரேனியம்

தலைநகர் வாழ் தமிழர்கள் மந்திர் மார்க்கை நன்கு அறிவர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி அங்கே இருக்கிறது. 1939-ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்த லக்ஷ்மீநாராயணர் ஆலயமும் அச்சாலையிலேயே எழுந்து நிற்கிறது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மாயாபுரி என்னும் பழைய இரும்புச் சந்தை உள்ளது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அச்சந்தையில் வேலை செய்த சிலர் காரணம் தெரியாத நோயால் துன்புற்றனர். உடம்பில் தீப்பட்டாற்போன்ற புண்கள் தோன்றின, தலைமயிர் உதிர்ந்தது. ஒருவர் உயிரிழந்தார்.

ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் 1968 முதல் இருந்து, 1985-க்குப் பிறகு பயன்படாமல் கிடந்த கருவி ஒன்று, 2010 பிப்ரவரியில் பழைய பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டிருந்தது. அதனுள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அதன் வீரியம் ஐந்தேகால் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 42 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 250-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அந்த எஞ்சிய பங்கே ஓர் உயிரைக் குடித்தது. கோபால்ட்டின் கதையே இவ்வாறாயின், கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழும் யுரேனியத்தின் கழிவை எவ்வாறு காப்பது? இக்கேள்விக்கு ஒரு விடை, நாம் வீடு கட்டப் பயன்படுத்தும் சிமெண்டிலேயே இருக்கிறது என்பது பலருக்கு வியப்பூட்டலாம்.

முதலில் யுரேனியத்தின் இயல்பை நோக்குவோம். 1789-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் கிளாப்ராத் இதனைக் கண்டறிந்தார். இயற்கை யுரேனியத்தின் பெரும்பகுதியான யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். எனினும் அது பாறைக்குள் உறங்கும் வரை பெரிய தீங்கு விளைவதில்லை. தீங்கின் வாகனம் தண்ணீரே. காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்ந்த யுரேனியம், 'யுரேனைல்' எனப்படும் அயனியாக மாறி நீரில் எளிதாகக் கரைகிறது. நீர் செல்லுமிடமெல்லாம் அதுவும் செல்லும். கிணற்றுக்கு வரும், பயிருக்கு ஏறும், உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆகவே கழிவைக் காப்பது என்றால், அதனை நீரோடு போகாமல் தடுப்பது என்றே பொருள்.

இப்பொழுது சிமெண்டைப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறத்தாழ 1,450 டிகிரி சூட்டில் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் கிடைப்பது சிமெண்டு. தண்ணீர் ஊற்றியதும் அது இறுகுகிறது. வெறும் ஈரம் உலர்வதால் இறுகுகிறது என்று பலர் எண்ணுவர், அது தவறு. தண்ணீர் சிமெண்டோடு இரசாயன முறையில் சேர்ந்து புதிய கனிமங்களைப் பிறப்பிக்கிறது. அவற்றுள் முதன்மையானது நீரேறிய கால்ஷியம் சிலிகேட். மற்றொன்று நம் பாட்டிமார் வெற்றிலைக்குத் தடவிய நீற்றுச் சுண்ணாம்பே. கடுக்காய் நீரும் வெல்லநீரும் விட்டு அரைத்த சாந்தினால் நம் முன்னோர் கட்டிய சுவர்களிலும் இந்தச் சுண்ணாம்பே வேலை செய்தது.

இக்கனிமங்கள் யுரேனியத்தை நான்கு வழிகளில் பிடிக்கின்றன.

முதல் வழி காரத்தன்மை. குடிநீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 7. சிமெண்டின் நுண்துளைகளில் தங்கும் நீரின் அளவோ 12.5 முதல் 13-க்கும் மேல் இருக்கும். இத்தகைய நீரில் சுண்ணாம்பும் நிறைந்திருப்பதால் யுரேனியம் மிகக் குறைவாகவே கரைகிறது.

இரண்டாவது வழி, தாள்களுக்கிடையே சிறைப்படுத்தல். நீரேறிய கால்ஷியம் சிலிகேட்டின் நுண்ணமைப்பு, அடுக்கி வைத்த தாள்களைப் போன்றது. தாள்களுக்கு இடையில் கால்ஷியமும் நீரும் தங்கியிருக்கின்றன. யுரேனைல் அயனி அத்தாள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இடைவெளிகளுக்குள்ளும் புகுந்து சிலிகேட்டோடு பிணைகிறது. இத்தாள்கள் மிக மெல்லியவை ஆதலால், ஒரு பிடி சிமெண்டுக்குள்ளும் ஒட்டுவதற்கான பரப்பு ஏராளமாக உண்டு.

மூன்றாவது வழி, புதிய கனிமமாக மாறிப் படிதல். யுரேனியம் மிகுதியாக இருப்பின், அது கால்ஷியத்தோடு சேர்ந்து கால்ஷியம் யுரேனேட்டாகவோ, கால்ஷியத்தோடும் சிலிகேட்டோடும் சேர்ந்து யுரேனோஃபேன் போன்ற கனிமமாகவோ படிந்துவிடுகிறது. யுரேனோஃபேன் என்பது யுரேனியப் பாறைகள் சிதையும் இடங்களில் இயற்கையே உண்டாக்கும் மஞ்சள் நிறக் கனிமம்.

நான்காவது வழி, பிராணவாயுவை விலக்குதல். இரும்பு உலைக்கசடு கலந்த சிமெண்டில் பிராணவாயு குறைவு. அங்கே யுரேனியம், நீரில் கரைவதற்கு மிகவும் அரிதான மற்றொரு நிலைக்குத் திரும்புகிறது.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் பார்த்தவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு இது பொருந்துமா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஜோர்டான் நாட்டின் வடபகுதியில் உள்ள மக்காரின் என்னுமிடம் ஓரளவு விடை தருகிறது. அங்கே எண்ணெய்ச்சத்துள்ள சுண்ணாம்புப் பாறை பண்டைக் காலத்தில் தானாகவே எரிந்து, சிமெண்டுக் கனிமங்களைத் தோற்றுவித்தது. மனிதன் சூளை அமைக்கும் முன்னரே இயற்கை அமைத்த சூளை அது! அங்கு ஊறும் நிலத்தடி நீர் இன்றும் கடுங்காரமாக இருக்கிறது. ஆகவே பல நாட்டு விஞ்ஞானிகள் அதனை ஓர் இயற்கை ஆய்வுக்கூடமாகக் கருதி ஆராய்ந்திருக்கின்றனர்.

எனினும் சிமெண்டுக்கும் பகைவர் உண்டு. காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்ல உட்புகுந்து சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றுகிறது, காரத்தன்மை குறைகிறது. அதைவிட மோசம், நீரிலுள்ள கார்பனேட் யுரேனியத்தோடு சேர்ந்து, கரைந்து ஓடும் சேர்க்கையை உண்டாக்குகிறது. ஆகவே காங்கிரீட்டை நெருக்கமாக, வெடிப்பின்றி வார்ப்பதும், மழைநீர் இறங்காமல் மூடுவதும் இன்றியமையாதவை. மேலும், சீசியம் போன்ற பொருள்கள் சிமெண்டில் நன்கு தங்குவதில்லை. அவற்றைப் பிடிக்க வெர்மிக்குலைட் போன்ற களிமண் இனப் பொருள்களைக் கலக்கின்றனர்.

நம் தமிழகத்திலேயே இவ்வேலை நடைபெறுகிறது. சென்னைக்குத் தெற்கே கடற்கரையிலுள்ள கல்பாக்கத்தில் முதல் மின் உலை 1984-ஆம் ஆண்டிலும், இரண்டாவது 1986-ஆம் ஆண்டிலும் வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கின. அங்கே குறைந்த வீரியமுள்ள கழிவுநீரைச் சுத்திகரித்தபின் எஞ்சும் சேற்றைச் சிமெண்டோடு கலந்து இறுகச் செய்து, காங்கிரீட் அகழிகளில் வைக்கின்றனர். மிகுந்த வீரியமுள்ள கழிவைச் சிமெண்டிடம் ஒப்படைப்பதில்லை. அதனை உருக்கிய கண்ணாடியோடு கலந்து கட்டியாக்குகின்றனர்.

இவ்வகழிகள் எத்தனை காலத்துக்கு? சீசியம்-137 முப்பது ஆண்டுகளில் பாதியாகும். முந்நூறு ஆண்டுகள் காத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். அத்தகைய கழிவுக்குக் காங்கிரீட்டும் காவலும் போதும். யுரேனியத்தின் கணக்கோ வேறு. அது அழியும்வரை காக்க எந்தச் சிமெண்டாலும் இயலாது. சிமெண்டு செய்வது, அது வெளிப்படும் வேகத்தை மிக மிகக் குறைப்பதே. பூமியின் மேலோட்டில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு யுரேனியம் இயல்பாகவே கலந்திருக்கிறது. அந்த இயற்கை அளவைப் பெரிதும் மீறாமல் கசியச் செய்வதே விஞ்ஞானிகளின் நோக்கம். நீண்ட ஆயுளுடைய கழிவை நிலத்தின் ஆழத்தில், பாறைக்குள் வைக்க வேண்டும் என்று உலகெங்கும் அறிஞர்கள் கூறுவதும் இதனால்தான்.

கனிமம் தன் கடமையை மறப்பதில்லை, மறப்பவர் மனிதரே. மாயாபுரியில் ஈயக் கவசம் தானாக உடையவில்லை. உள்ளே இருப்பது இன்னது என்ற நினைவு அறுபட்டதால், அறியாத கைகள் அதனை உடைத்தன. ஆபத்தான பொருளைப் பூட்டி வைப்பதோடு, 'இங்கே இது இருக்கிறது' என்ற செய்தியைத் தலைமுறை தலைமுறையாக ஒப்படைப்பதும் நம் கடமை. மஞ்சள் நிறப் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற சின்னம் கதிரியக்கத்தின் அடையாளம். பழைய பொருள்களில் எங்கேனும் அதனைக் கண்டால் தொடாமல் விலகி, காவல்துறைக்குத் தெரிவியுங்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் இந்தச் சின்னத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள்.