சாரைக்கு வேப்பம்பட்டில் என்ன வேலை?

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயில் திருநின்றவூரைத் தாண்டினால் அடுத்து நிற்பது வேப்பம்பட்டில். இருப்புப்பாதையின் இரு பக்கமும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் இன்று மனைப்பிரிவுகளாகக் கிடக்கிறது. மனை போட்ட இடமெல்லாம் வீடாகிவிடவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு தெருவில் நான்கு வீடு இருந்தால் ஆறு காலி மனை இருக்கும். எல்லைக்கல் நட்டுவிட்டுப் போன உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். மனையில் சீமைக்கருவேலம் தழைத்திருக்கும், பக்கத்து வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல்லும் ஜல்லியும் அதன் ஓரமாகக் கொட்டப்பட்டிருக்கும். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் அங்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். அந்த வாரமே தெருவில் ஒரு பேச்சு கிளம்பும்: பாம்பு வந்துவிட்டது. ‘வந்துவிட்டது’ என்ற அந்தச் சொல்லைத்தான் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. வயலாக இருந்த நாளிலும் பாம்பு அங்கேதான் இருந்தது. அதைவிட முக்கியம், வயலைக் காட்டிலும் பாதி கட்டிய புறநகர் பாம்புக்கு வசதியான இடம். அந்த வசதியைச் செய்து கொடுத்தது நாம்.

வயலில் பாம்பின் வாழ்க்கை அப்படியொன்றும் சுகமானதல்ல. உழவு நடக்கும், நீர் பாய்ச்சுவார்கள், வளை மூழ்கும், அறுவடை முடிந்தால் மறைப்பு போய்விடும். எலிகள் பெருகுவதும் கதிர் முற்றும் காலத்தை ஒட்டித்தான். மனைப்பிரிவில் இந்தப் பருவக் கணக்கே கிடையாது. காலி மனையில் வீசும் சோற்று மீதி, திண்ணையில் தெருநாய்க்கு வைக்கும் உணவு, மாடியில் புறாவுக்கு இறைக்கும் தானியம், இவையெல்லாம் ஆண்டின் 365 நாளும் எலிக்குப் பந்தி. காம்பவுண்டுச் சுவரின் கீழும் கழிவுநீர்த் தொட்டியின் ஓரத்திலும் பெருச்சாளி தோண்டும் வளைகளை உழுது அழிக்க யாரும் வரப்போவதில்லை. நம் பாம்புகளில் பெரும்பாலானவை தாமாக வளை தோண்டுவதில்லை. கரையான் கட்டிய புற்றில் கருநாகம் குடிபுகுந்த கதையைப் பழமொழி குறையாகச் சொல்கிறது, உயிரியல் அதையே நடைமுறை என்கிறது. உணவு, தண்ணீர், ஒளிய இடம் மூன்றும் பத்தடிக்குள் கிடைக்கும்போது பாம்பு வேறெங்கே போகும்?

அப்படிக் கண்ணில் படுகிற பாம்புகளில் அடிக்கடி படுவது சாரை. காரணம் எளிது: அது பகலில் நடமாடுகிறது, உருவத்திலும் பெரியது. ஆறேழு அடி நீளம் சாதாரணம், அதற்கு மேலும் வளரும். மஞ்சள் கலந்த பழுப்பு முதல் ஏறக்குறையக் கறுப்பு வரை பல நிறங்களில் இருக்கும். பெரிய வட்டக் கண், உதட்டுச் செதில்களின் விளிம்பில் கறுப்புக் கோடுகள், வேகமான ஓட்டம். மரம் ஏறும், நீந்தும். அதற்கு நஞ்சு கிடையாது. இரையைச் சுற்றி நெரிப்பதும் அதன் வழக்கமல்ல, வாயால் கவ்வித் தன் உடலால் தரையோடு அழுத்தி விழுங்கும். தவளை, தேரை, எலி, பறவைக் குஞ்சு என எல்லாம் அதற்குத் தீனி. மூலையில் மடக்கினால் கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி உயர்த்தி, உறுமுவது போன்ற ஓர் ஓசையை எழுப்பும். ‘படம் எடுத்தது, நல்லபாம்புதான்’ என்று சொல்லி அடித்துக் கொல்லப்படும் சாரைகள் பெரும்பாலும் இந்த மிரட்டலால்தான் சாகின்றன. நல்லபாம்பின் படம் முறம்போல அகலமாக விரியும், சாரையின் கழுத்து அகலாமல் தட்டையாகி உயரும். வித்தியாசம் தெளிவானதுதான், ஆனால் தடியைக் கையில் எடுத்த பிறகு அதை நிதானமாகப் பார்ப்பவர் குறைவு.

சாரையைப் பற்றி நம்மிடம் உள்ள கதைகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் உறுதியாக வேரூன்றியது, சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் பின்னிப் பிணையும் என்பது. இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த பாம்புகள், இனம் கலக்க வழியே இல்லை. சாரையிலும் ஆண் பெண் உண்டு, நல்லபாம்பிலும் உண்டு. பின்னிக்கொண்டு நிமிர்ந்து ஆடுவதாக நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. முன்னுடலை உயர்த்தி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். கடியோ கொலையோ இல்லை, தோற்றது விலகிப் போய்விடும். பின்னிக்கொண்டிருக்கும் பாம்புகளின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்பது நம்பிக்கை. துணிக்குச் சேதமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சாரை மாட்டு மடியில் பால் குடிப்பதாகச் சொல்வதும் அப்படியே, உறிஞ்சிக் குடிப்பதற்கு ஏற்ற உதடோ வாயமைப்போ பாம்புக்குக் கிடையாது. இந்தக் கதைகளோடு, பாம்பின் பக்கம் நிற்பவர்கள் பரப்பும் ஒரு கதையையும் சேர்த்துத் தள்ளிவைக்க வேண்டும்: சாரை இருக்கும் தோட்டத்துக்கு நல்லபாம்பு வராது என்பது. ஒரே எலிக்காக இரண்டும் ஒரே மனைக்கு வரும். பெரிய நல்லபாம்பு சாரையையே விழுங்கிவிடுவதும் உண்டு.

அப்படியானால் சாரையால் என்ன பயன்? எலி வளைக்குள் எலியைத் துரத்திக்கொண்டு போகக்கூடிய வேட்டையாடி பாம்பைப் போல வேறில்லை. ஆந்தை வெளியே காத்திருக்கும், பூனை வாசலில் உட்கார்ந்திருக்கும், பாம்பு மட்டும் பிரசவ அறைக்குள்ளேயே நுழைந்துவிடும். எலி மூன்று வாரச் சினையில் அரை டஜனுக்கு மேல் குட்டி போடும், ஆண்டில் பல ஈற்றுகள் ஈனும். வீட்டில் கார் ஒயர் கடிபடுவதும் அரிசி மூட்டை ஓட்டையாவதும் நமக்குத் தெரிகிற நட்டம். மழைத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து, காலில் உள்ள சிராய்ப்பு வழியே உடலுக்குள் ஏறும் எலிக்காய்ச்சல் தெரியாத நட்டம். இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள் இதே மாவட்டத்தில் ஏரிக்கரைகளிலும் கழனி ஓரங்களிலும் வாழும் இருளர்கள். கடப்பாரையும் புகைப்பானையுமாக வரப்பு வளைகளைத் தோண்டி எலி பிடிப்பதும், வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்துக்கொள்வதும் அவர்கள் தலைமுறைகளாகச் செய்த வேலை. பாம்புத் தோலுக்காகச் சாரையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்களே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தோல் வணிகம் நின்றது. வேலை இழந்தவர்களுக்காகப் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கம் நச்சுப்பாம்புகளைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து நஞ்செடுத்து, மறுபடியும் வெளியே விட்டுவிடுகிறது. நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தக் கைத்திறனுக்காகத்தான்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். எலியைக் கட்டுப்படுத்தும் என்பதற்காக, குழந்தைகள் விளையாடும் தெருவில் பாம்பை விட்டுவைப்பதா? இதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு நச்சுப்பாம்புகளும் தமிழ்நாட்டில் உண்டு. ஆகவே அச்சம் பொய்யல்ல. ஆனால் அந்த அச்சம் எதைச் செய்யச் சொல்கிறதோ அது சரியா என்பது வேறு கேள்வி. கடிபடுவது பெரும்பாலும் எப்படி? இருட்டில் செருப்பில்லாமல் மிதிப்பது, விறகுக்கும் செங்கலுக்கும் நடுவே பார்க்காமல் கையை விடுவது, தரையில் படுத்துத் தூங்குவது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, படுக்கையில் கடித்தால் வலி பெரிதாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலியும் இமை செருகலுமாகத்தான் அது தெரியவரும். பகல் வெளிச்சத்தில் சாரையைத் தேடிப்பிடித்து அடித்ததால் இந்த ஆபத்துகளில் ஒன்றும் குறைந்துவிடாது. டார்ச்சும் செருப்பும் கட்டிலும் மெத்தையடியில் செருகிய கொசுவலையும் குறைக்கும்.

அடிக்கப் போவதிலேயே இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஓடப் பார்க்கும் பாம்பை மூலையில் மடக்குவது என்றால், எட்டும் தூரத்துக்குப் போய் நிற்பது என்று பொருள். அது சாரை என்று நினைத்துப் போனவர் எதிரே இருப்பது நல்லபாம்பாக இருக்கலாம். வெள்ளிக்கோல் வரையன் என்ற நஞ்சில்லாச் சிறு பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் உள்ள ஒற்றுமை இன்னும் மோசமானது. வரையனுக்குப் பட்டைகள் கழுத்தை ஒட்டித் தொடங்கி வாலை நோக்கி மங்கும், விரியனுக்கு முன்பகுதியில் மங்கி பின்பகுதியில் தெளிவாகும். குளியலறை மூலையில் மங்கல் வெளிச்சத்தில் இதைப் பிரித்துப் பார்க்கத் துணிவது புத்திசாலித்தனமல்ல. மேலும், சாரையையோ நல்லபாம்பையோ கொல்வது அந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது பலருக்குத் தெரியாது, தெரிந்தவருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

‘கொல்ல வேண்டாம், பிடித்துக் காட்டில் விடட்டும்’ என்பது இப்போது பரவலான நிலைப்பாடு. தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தால் வந்து பிடித்துப் போகிறார்கள். வீட்டுக்குள் புகுந்த நச்சுப்பாம்புக்கு அதுவே சரியான வழி. தோட்டத்து ஓரத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒவ்வொரு சாரைக்கும் அதைச் செய்யத் தொடங்கினால்தான் சிக்கல். பாம்புக்கு இடம் என்றால் வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் எந்த இடமும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகங்களின் உடலில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, வேற்றிடத்தில் கொண்டுபோய் விடப்பட்ட பாம்பு சொந்த இடத்துப் பாம்பைவிட வெகுதூரம் அலைந்தது தெரியவந்தது. எங்கே இரை, எங்கே வளை, எங்கே ரோடு என்று தெரியாத பாம்பு அலையும்போது இன்னும் பல வீடுகளைக் கடக்கும். இந்தப் பக்கம் வேப்பம்பட்டு மனை காலியாகவே இருக்கும். எலியும் வளையும் அப்படியே கிடந்தால் அடுத்த மழைக்கு வேறொரு பாம்பு அதே முகவரிக்கு வரும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் வீட்டுக் கூரையிலேயே மலைப்பாம்பு குடியிருப்பது சாதாரணச் செய்தி. அங்கேயும் கூரையில் இருக்கும் எலி ஒரு முக்கியக் காரணம்.

எனவே கை வைக்க வேண்டிய இடம் பாம்பல்ல, அதற்கு நாம் போட்ட பந்தி. இதில் விற்பனையாகும் மாற்றுவழிகள் பல. வேலியோரம் சிறியாநங்கை நடுவது, பூண்டு கரைத்துத் தெளிப்பது, பினாயிலும் மண்ணெண்ணெயும் ஊற்றுவது. சிறியாநங்கை என்கிற நிலவேம்பு வேறு காரணத்துக்குப் புகழ்பெற்றது. அதன் நடுவே பாம்பு போகாது என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. பாம்பு நாக்கை நீட்டிக் காற்றிலிருந்தும் தரையிலிருந்தும் மணத்துகளைப் பொறுக்கி மேலண்ணத்தில் உள்ள உறுப்புக்குக் கொடுத்து முகரும். மழைவிட்ட மறுநாள் பினாயில் வாடை கரைந்துபோகும், எலி வாடை போகாது. செய்ய வேண்டிய வேலை கவர்ச்சியில்லாதது: குப்பைக்கூடைக்கு மூடி, நாய்க்கு வைத்த சோற்றை இரவுக்குள் எடுத்துவிடுவது, செங்கல்லையும் விறகையும் சுவரை ஒட்டாமல் அடுக்குவது, கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை, கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கம்பிவலை, சம்ப்பின் மூடியை இறுக்குவது. காலி மனை உரிமையாளரைத் தேடிப்பிடித்துப் புதர் வெட்ட வைப்பதுதான் இதில் கடினமான பகுதி. தனிவீட்டுக்காரர் ஒருவரால் அது ஆகாது, தெருச் சங்கமும் ஊராட்சியும் சேர்ந்தால் ஆகும்.

இத்தனைக்குப் பிறகும் கடிபட்டால், கட்டுப் போடுவதும் கீறி உறிஞ்சுவதும் வேண்டாம். கடித்த பாம்பைப் பிடித்துக்கொண்டு வரவும் வேண்டாம், முன்பு சொன்ன நான்கு நச்சுப்பாம்புகளுக்கும் ஒரே மருந்துதான். கைகாலை அசைக்காமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, 108-ஐ அழைத்து நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடிக்காத சாரையிடம் செய்ய வேண்டியது இன்னும் குறைவு. குழந்தையையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, தெருப்பக்க கேட்டைத் திறந்து வைத்தால் போதும். கேட்டுக்கடியில் எந்த இடுக்கு வழியாக நுழைந்ததோ அந்த இடுக்கு அதற்கு நன்றாகவே தெரியும். அது போன பிறகு, அந்த இடுக்கின் அளவைக் குறித்துக்கொண்டு ரப்பர் பட்டை வாங்கப் போகலாம்.