பசு தின்ற பிளாஸ்டிக்கில் ரோடு போடலாம்!

2019-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒரு பசு கொண்டுவரப்பட்டது. அது வலியால் தவித்தது. சாணம் போடவும் சிரமப்பட்டது.

டாக்டர்கள் பரிசோதித்தார்கள். ஆபரேஷன் செய்தார்கள். அது முடிய 5 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பசுவின் வயிற்றிலிருந்து வந்த பிளாஸ்டிக் எவ்வளவு தெரியுமா?

52 கிலோ!

அவ்வளவும் எப்படி உள்ளே போயிற்று? நம் கையால்தான் போயிற்று.

மிச்சமான சோற்றையும் காய்கறித் தோலையும் ஒரு பையில் போடுகிறோம். இறுக்கி முடிச்சுப் போடுகிறோம். தெருவில் வீசிவிடுகிறோம். பசுவுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியுமா? பையோடு விழுங்கிவிடுகிறது. சோறு செரித்துவிடும். பை செரிக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக வயிற்றில் சேர்ந்துகொண்டே போகும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த 52 கிலோ பிளாஸ்டிக்கையும் தெருவில் வீசாமல் சுத்தமாகச் சேர்த்து வைத்திருந்தால், ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்குத் தார் ரோடு போட உதவியிருக்கும்!

மதுரைப் பேராசிரியர்

பிளாஸ்டிக்கில் ரோடா? ஆம். வழி கண்டுபிடித்தவர் நம் மதுரைக்காரர்தான். தியாகராசர் என்ஜினீயரிங் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன்.

குப்பையில் கிடக்கும் பைகளை ஏதாவது செய்ய முடியாதா என்று அவர் யோசித்தார். சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவிப் பார்த்தார். அவை உருகி, ஜல்லியின்மேல் மெழுகு பூசியதுபோல் படிந்தன. அதன்மேல் தாரை ஊற்றினால் தார் விடாமல் பிடித்துக்கொண்டது.

2002-ம் ஆண்டு கல்லூரி வளாகத்திலேயே இந்த முறையில் ரோடு போட்டார்கள். 2006-ல் இந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. 2018-ல் வாசுதேவனுக்கு மத்திய அரசு 'பத்மஸ்ரீ' பட்டம் அளித்தது.

செய்முறை எளிது. பைகளையும் பிஸ்கட் உறைகளையும் இயந்திரத்தில் போட்டு, அரிசி அளவுக்குச் சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஜல்லியைச் சுமார் 170 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். துண்டுகளை அதில் கொட்டினால் ஒரு நிமிடத்துக்குள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தாரைக் கலந்து ரோட்டில் பரப்பவேண்டியதுதான்.

10 டன் தேவை; 9 டன் போதும்!

இதில் லாபம் என்ன?

ஒற்றை வழி ரோடு ஒரு கிலோமீட்டர் போடச் சுமார் 10 டன் தார் வேண்டும். பிளாஸ்டிக் சேர்த்தால் 9 டன் போதும். பாக்கி 1 டன்னுக்குக் குப்பை பிளாஸ்டிக்கே ஈடுகொடுக்கிறது.

தார் எங்கிருந்து வருகிறது? கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 5-ல் 4 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறோம். ஆகவே, மிச்சமாகும் ஒவ்வொரு டன்னும் நாட்டின் பணம்.

ரோடும் நீடிக்கிறது. மழைத் தண்ணீர்தான் தார் ரோட்டுக்கு எமன். ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து பெயர்த்துவிடும். பிளாஸ்டிக் பூசிய ஜல்லியில் தண்ணீர் எளிதில் புக முடியாது. குழி விழுவது குறைகிறது.

பாட்டிலும் சட்டையும்

பைக்கு ரோடு. தண்ணீர் பாட்டிலுக்கு?

தாத்தா காலத்தில் 'டெரிலின்' சட்டைக்கு எவ்வளவு மவுசு! கசங்காது, சீக்கிரம் காயும் என்று போட்டி போட்டு வாங்கினார்கள். அந்த டெரிலினும் இன்றைய தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருள்தான். நூலாக இழுத்தால் சட்டை. அச்சில் ஊதினால் பாட்டில்.

அதனால்தான் பாட்டிலை மறுபடியும் சட்டையாக்க முடிகிறது. பாட்டிலைக் கழுவி, சிறு சில்லுகளாக உடைத்து, உருக்கி, சன்னமான துளைகள் வழியே இழையாக இழுக்கிறார்கள். இந்த இழையில் பனியன் துணி தயாரிக்கும் ஆலைகள் நம் திருப்பூரிலேயே உண்டு.

பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை. 2 என்றால் ஷாம்பு டப்பா போன்ற கெட்டி வகை. 4 என்றால் பை வகை. 5 என்றால் சாப்பாட்டு டப்பா வகை. ஒவ்வொன்றும் உருகும் சூடு வேறு. கலந்து உருக்கினால் எதற்கும் உதவாது. தனித்தனியாகப் பிரித்தால்தான் காசு.

காசு எங்கே போகிறது?

பழைய பேப்பர்க் கடையிலும் காயலான் கடையிலும் பிளாஸ்டிக்கை எடை போட்டுத்தான் வாங்குகிறார்கள். ஒரு கிலோ சேர 40, 50 தண்ணீர் பாட்டில்கள் வேண்டும். அத்தனை பாட்டிலையும் குப்பைமேட்டில் குனிந்து குனிந்து பொறுக்குகிற ஏழைப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

பாட்டில் சுத்தமாக இருந்தால் அவளுக்குக் கூலி. சாம்பாரும் மீன் கழிவும் ஒட்டியிருந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார், அல்லது வேண்டாம் என்பார். நடுவே உடைந்த கண்ணாடி கிடந்தால் அவள் கையைக் கிழிக்கும். நாம் ஒரு தடவை அலசிப் போடுவதில் அவளுடைய அன்றையச் சாப்பாடு இருக்கிறது!

2015-ம் ஆண்டு வரை உலகத்தில் குப்பையான பிளாஸ்டிக்கில் 100-க்கு 9 பங்குதான் மறுபடி உபயோகத்துக்கு வந்தது. 79 பங்கு குப்பைமேட்டிலும் மண்ணிலும் கடலிலும் தங்கிவிட்டது. மீதி எரிக்கப்பட்டது.

எரிக்காதீர்கள்!

சிலர் வாசலில் குவித்துக் கொளுத்துகிறார்கள். குளிர் காய்கிறவர்களும் உண்டு. இது ஆபத்து. சில வகைப் பிளாஸ்டிக் எரியும்போது 'டையாக்சின்' என்ற கொடிய விஷம் கிளம்பும். அது காற்றோடு போய்விடுவதில்லை. புல்லில் படிந்து, மாட்டுக்குள் போய், பாலில் வந்து சேரும்.

வீட்டில் செய்யவேண்டியது மூன்றே காரியம்.

ஈரக் குப்பை ஒரு தொட்டியில். பிளாஸ்டிக் வேறொரு சாக்கில்.

பாட்டில், பால் கவர், எண்ணெய்க் கவர் எதுவானாலும் பாத்திரம் கழுவிய தண்ணீரிலாவது அலசிக் காயவைத்துப் போடுங்கள்.

சோற்றைப் பையில் கட்டித் தெருவில் வீசாதீர்கள்.

ஆனால் ஒன்று. மறுபடி உருக்கலாம் என்பதற்காக அள்ளி அள்ளி வாங்கக்கூடாது. உருக்க உருக்கப் பிளாஸ்டிக்கின் வலு குறையும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை உபயோகித்து எறியும் பைகளும் கப்புகளும் தடை செய்யப்பட்டதும் இதனால்தான்: முதலில் குறைக்க வேண்டும், மிஞ்சியதை மறுபடி உபயோகிக்க வேண்டும். கடைக்குப் போகும்போது மஞ்சள் பையை எடுத்துப் போனால் பாதிக் குப்பை வீட்டுக்கே வராது.

அடுத்த தடவை பையில் முடிச்சுப் போடும்போது ஒரு விநாடி நில்லுங்கள். அது ரோட்டுக்குப் போகவேண்டுமா, பசுவின் வயிற்றுக்குப் போகவேண்டுமா? முடிவு செய்வது நம் கைதான்!