நண்டு வெளியே வரும்வரை

குருக்கள்மடத்தில் கிழக்கே நடந்தால் வங்கக்கடல், மேற்கே நடந்தால் மட்டக்களப்பு வாவி. நடுவில் மணலும் தென்னையும் வீடுகளும் கல்முனை வீதியும். வாவிக்கரைத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறினால் எதிர்க்கரையில் அம்பிளாந்துறை. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போய்விடலாம். ஒரு பக்கம் ஓயாமல் இரையும் கடல், மறுபக்கம் சலசலப்புக்கூட இல்லாத உவர்நீர். இரண்டையும் ஒரே காலையில் கால்நடையாகப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய பிள்ளைகள் பாக்கியசாலிகள். அவர்களிலும் சிலருக்கு இந்த ஊரின் நிலம் மற்றவர்களைவிடக் கூடுதலாக உதவக்கூடும் என்று நான் நம்புகிறேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச்சிதறலும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைகள், வகுப்பில் கதிரையில் இருக்கமாட்டாமல் 'குழப்படிக்காரர்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகள்.

இவர்கள் எங்கோ ஒரு வீட்டில் மட்டும் இருப்பவர்கள் அல்லர். இலங்கையில் நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கணித்தது. பெரிய பாடசாலை ஒவ்வொன்றிலும் இப்படிச் சில பிள்ளைகளாவது இருப்பார்கள். மனித மூளைகள் பலவிதம், இதுவும் அவற்றில் ஒரு விதம் என்ற 'நரம்பியல் பன்மை'ப் பார்வையை 1990களில் உரத்துச் சொல்லத் தொடங்கியவர்களில் ஓட்டிசம் உள்ளவர்களே முன்னின்றார்கள்.

வகுப்பறையில் இந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? மின்விசிறி கறகறக்கிறது. குழல்விளக்கு இரைகிறது. பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்கிறது. மழை வந்தால் தகரக் கூரையே பேசுகிறது. பெரும்பாலான மூளைகள் திரும்பத் திரும்ப வரும் ஓசைக்குச் சீக்கிரம் பழகி, அதைக் கேளாததுபோல் ஒதுக்கிவிடும். ஓட்டிசம் உள்ள பலரிடம் இந்தப் பழகிப்போதல் மெதுவாகவே நடக்கிறது. பத்தாவது நிமிடத்திலும் மின்விசிறி அவர்களுக்கு முதல் நிமிடத்து மின்விசிறிதான். அந்த நிலையில் ஆசிரியரின் குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்பது எவ்வளவு பெரிய உழைப்பு! அந்த உழைப்பை நாம் பார்ப்பதில்லை. அது முறிந்து பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறும்போதுதான் திரும்பிப் பார்க்கிறோம்.

கவனத்தில் இரண்டு வகை உண்டு என்று அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் 1989இல் விரிவாக எழுதினார்கள். முயன்று பிடித்து வைக்கும் கவனம் களைத்துப்போகும். இலை அசைவதையோ நீர் நெளிவதையோ பார்க்கும்போது வருவது தானாகப் படியும் கவனம். அது நடக்கும் நேரத்தில் முதல்வகைக் கவனம் ஓய்வெடுத்து மீள்கிறது. இதை ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் சோதித்தவர்கள் ஆந்திரியா ஃபேபர் டெய்லரும் பிரான்சஸ் குவோவும். 7 முதல் 12 வயது வரையான 17 பிள்ளைகளை வெவ்வேறு நாட்களில் பூங்கா, நகர மையம், குடியிருப்புத் தெரு ஆகிய மூன்று இடங்களில் 20 நிமிடம் நடக்கவைத்துவிட்டு, கேட்ட எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் செய்தார்கள். பூங்காவில் நடந்த பின்னரே பிள்ளைகள் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வு சிறியது. அதை வைத்து மரத்தடியே மருந்து என்று எவரும் சொல்லக்கூடாது. ஆனால் நடை ஒன்றாகவே இருக்க, இடம் மட்டும் மாறியதில் இவ்வளவு வித்தியாசம் வந்தது என்பது யோசிக்கவேண்டிய செய்தி.

இனிக் கடற்கரைக்குப் போவோம். ஈரமணலுக்கு மேலே வளை தோண்டி வாழும் வெளிறிய நண்டுகள் அங்கே உண்டு. ஓடாமல் நின்றால் மணலுக்கும் அவற்றுக்கும் நிறத்தில் வேறுபாடு தெரியாது. நாம் நடந்தால் மணல் அதிரும்; அந்த அதிர்வை உணர்ந்து வளைக்குள் போய்விடும். அவை மறுபடி வெளியே வரவேண்டுமானால் நாம் அசையாமல் காத்திருக்கவேண்டும். வகுப்பில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டாத பிள்ளை ஒரு வளைக்கு முன்னால் அரைமணி நேரம் குந்தியிருப்பது எப்படி?

சிக்கலான படம் ஒன்றுக்குள் மறைந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடத் திறமையாகச் செய்ததை அமிதா ஷாவும் உத்தா ஃபிரித்தும் 1983இல் பதிவுசெய்தார்கள். முழுப் படம் நம்மை விழுங்கிக்கொள்ளும் இடத்தில், இவர்களின் கண் துண்டுகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. பின்னர் 2005இல், தாமே ஓட்டிசம் உள்ளவர்களான டைனா மரேயும் வென்டி லோசனும் மைக் லெஸ்ஸருடன் சேர்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: மற்றவர்களின் கவனம் ஒரே நேரத்தில் பல வாய்க்கால்களில் பிரிந்து ஓடுகிறது, இவர்களுடையது ஒரே வாய்க்காலில் முழு வேகத்தோடு ஓடுகிறது. கரும்பலகை, கொப்பி, ஆசிரியர் முகம், அருகிலிருப்பவன் என்று நான்காகப் பிரிக்கச் சொல்லும் வகுப்பில் அது குறையாகத் தெரியும். மணல் நிறத்து நண்டைக் கண்டுபிடித்து அதற்காகக் காத்திருக்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான மனம் கிடைக்காது.

இங்கேதான் பிள்ளையை அழைத்துவரும் பணியாளரின் வேலை தொடங்குகிறது, அது பெரும்பாலும் நாவை அடக்கும் வேலை. "இது என்ன? எத்தனை கால்? சொல்லு பார்ப்பம்" என்று கேட்ட கணத்தில் கடற்கரை வகுப்பறையாகிவிடும். அருகில், சற்றுப் பக்கவாட்டில், பிள்ளை பார்க்கும் திசையையே பார்த்தபடி குந்தியிருப்பது போதும். முகத்தை முகம் பார்க்கத் தேவையில்லை. கண்ணுக்குக் கண் பார்ப்பது இவர்களில் பலருக்கு வேதனை. இருவரும் ஒரு நண்டைப் பார்க்கும்போது, முன்பு கட்டளையால் வராத 'சேர்ந்து கவனித்தல்' தானாக வந்துவிடலாம். ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், மற்றவருக்கும் அவரைப் புரியவில்லையே என்று 2012இல் எழுதினார் சமூகவியலாளர் டேமியன் மில்டன். அவரும் ஓட்டிசம் உள்ளவர். நான்கு சுவர்களுக்குள் பிள்ளையின் இயலாமையை மட்டுமே கண்ட ஆசிரியர், அவள் தனக்கு முன்பே நண்டைக் கண்டுவிட்டதை வெளியில் பார்க்கிறார். அதன்பிறகு அவளிடம் அவர் பேசும் தொனியே வேறாகிவிடும். வெளிக்கற்றலின் மிகப் பெரிய பலன் இது என்பேன். பிள்ளையைவிடப் பெரியவருக்கே அது முதலில் வேண்டியிருக்கிறது.

மணலும் தன் பங்குக்கு ஏதோ செய்கிறது. காய்ந்த மணலில் நடக்க உறுதியான தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகும் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்தார்கள். தசையும் மூட்டும் அழுந்தி உழைக்கும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குத் தெளிவாகப் போகிறது. ஓயாமல் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளில் சிலர் அந்தச் செய்தியைத் தேடியே ஓடுகிறார்கள் என்பது ஜீன் அயர்ஸ் 1970களில் முன்வைத்த விளக்கம். அதை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சைகளின் பலன் பற்றி இன்றும் வாதம் உண்டு. ஈரமணலை வாளியில் சுமந்த பிள்ளை அமைதியாவதைப் பார்த்த ஆசிரியர், அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

பிள்ளைகளைத் திறந்தவெளிக்கு அழைப்பதில் மட்டக்களப்புக்கு ஒரு சொந்த வரலாறு உண்டு. 1996இல் யுத்தத்தின் நடுவே இந்த நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா திறக்கப்பட்டது. யேசுசபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கியது அது. தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், செடி நட்டார்கள், விலங்குகளைப் பராமரித்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். இதில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று: ஹோகன் இதற்கு முன், 1980களில், ரொறன்ரோவில் சிறுவர் புனர்வாழ்வு மருத்துவமனை ஒன்றின் வளவில் 'சுருள் தோட்டம்' என்ற ஒன்றை உருவாக்கியிருந்தார். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் திறந்தவெளியில் சேர்ந்து மண்ணோடும் வண்ணத்தோடும் வேலைசெய்த இடம் அது. யுத்தம் காயப்படுத்திய எங்கள் பிள்ளைகளுக்காக வந்த பூங்காவின் விதை, உடலாலும் மனதாலும் வேறுபட்ட பிள்ளைகளின் தோட்டத்தில் விளைந்தது. அந்த விதையை அதன் முதல் உரிமையாளர்களுக்காக இந்த வாவிக்கரையில் மறுபடி நடவேண்டும் என்பது என் ஆசை.

நடுவதற்கு முன் ஆபத்துகளைப் பேசவேண்டும். இங்கே நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரை நீர் இழுக்கும். சொல்லாமல் நழுவிப் போவதும் அவர்களிடம் அதிகம். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு 160 மடங்கு என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் அமெரிக்கத் தரவுகளிலிருந்து கணக்கிட்டார்கள். இரு பக்கமும் நீர் சூழ்ந்த ஊரில் இந்த எண்ணை ஒவ்வொரு பணியாளரும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுக்கவேண்டும். 'எல்லாரும் பார்ப்பம்' என்றால் எவரும் பார்ப்பதில்லை. வாவியில் முதலை உண்டு. கண்டலோரம் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, இலையை ஒடித்து முகரும் பிள்ளைக்கு அது தெரியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒன்பது மணிக்கே மணல் சுடத் தொடங்கிவிடும். தாகத்தை உணராத அல்லது சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் கேட்காமலே தண்ணீர் கொடுக்கவேண்டும். இன்னொன்று, 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரை இழந்ததை எவரும் மறக்கவில்லை. "கடலுக்கு மட்டும் வேண்டாம் ரீச்சர்" என்று ஒரு தாய் சொன்னால் அதை மூடநம்பிக்கையாக எடுக்கக்கூடாது. அந்தப் பிள்ளையை வாவிப் பக்கம் அழைத்துப் போகலாம்.

இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கவும் தேவையில்லை. டென்மார்க்கின் பாலர் பாடசாலைகளைப் பார்த்துவிட்டு வந்த பிரிட்ஜ்வோட்டர் கல்லூரிப் பணியாளர்கள் 1993இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'வனப் பள்ளி' முறையில், ஒரே துண்டு நிலத்துக்கே வாரந்தோறும், வெயிலிலும் மழையிலும் போவார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஆறுதல். அதே தென்னை, அதே வரம்பு, அதே பாய், புறப்படுமுன் காட்டும் அதே நான்கு படங்கள். மாறுவது மட்டும் மாறட்டும்: கச்சானில் வற்றிய கரை, மாரியில் பொங்கிய வாவி, போன கிழமை இல்லாத கொக்கு.

விசேட கல்வி அலகு ஒன்றிலிருந்து நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிழமைக்கு ஒருநாள் பாடசாலை தொடங்கிய உடனேயே வெயிலுக்கு முன் புறப்பட, மேலதிகப் பணம் பெரிதாகத் தேவைப்படாது. ஆட்கள் தேவை. அவர்களில் ஒருவராக ஊரில் தோணி வலிப்பவர் ஒருவரைச் சேர்க்கவேண்டும் என்று கேட்பேன். எந்த இடத்தில் சேறு தாழும், எங்கே முதலை வெயில் காயும், நீர் எப்போது ஏறும் என்பது எந்தப் பயிற்சிப் பட்டறையைவிடவும் அவருக்கு நன்றாகத் தெரியும். வலை போட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்து பழகியவருக்கு, பேசாத பிள்ளையின் அருகே இருக்கத் தனியாகக் கற்பிக்கவேண்டியதுமில்லை. அந்த நாளுக்குரிய கூலியை அவருக்கு ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும், ஊர்ச் சேவை என்று சொல்லி இனாமாகக் கூப்பிடக்கூடாது.