முதல் தேதியும் நம் பற்று நோட்டும்

1955-இல் வெளிவந்த 'முதல் தேதி' படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பாடிய பாட்டை வணிகப் பெருமக்கள் அறிவர். சம்பளக்காரரிடம் இருபது நாள் பணம் புழங்கும், கடைசிப் பத்து நாள் கை வறண்டுவிடும் என்பதே அதன் கருத்து. சிரிக்க வைத்த அந்தப் பாட்டு மாதக் கடைசிக் கடனை இயல்பாக்கியும் விட்டது என்பது நம் எண்ணம்.

ஆனால் தூத்துக்குடியில் எல்லோருக்கும் முதல் தேதியில் பணம் வருவதில்லை. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இவர்களுக்கும் மாதத் தவணை வைத்தால் பாக்கி ஏறும்; வாடிக்கையும் போகும்.

ஆகவே வருமானக் காலம் பார்த்துப் பற்று எழுதுவோம். கையில் பணமுள்ள நாளில் சிறு தொகையை முன்கூட்டியே வரவு வைக்கச் சொல்வோம். கடையும் நிலைக்கும், ஊரும் செழிக்கும்.