அம்மா வீட்டு டேட்டா எங்கே போகிறது?

ஒவ்வொரு மாதமும் 20-ம் தேதி வாக்கில் கும்பகோணத்திலிருந்து அம்மாவின் போன் வந்துவிடும். “டேய், சீரியல் சுத்துதுடா.” டிவித் திரையின் நடுவில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அம்மா வீட்டில் இருப்பது 5ஜி அலையில் வரும் வயர்லெஸ் இணைப்பு. மாதம் 1,000 ஜிபி வரை முழு வேகம், அதைத் தாண்டினால் மாதக் கடைசி வரை மாட்டுவண்டி. விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் பூச்சி மாதிரி ஒரு நட்சத்திரக் குறி வைத்திருப்பார்களே, அந்தக் குறிக்குள் ஒளிந்திருப்பது இதுதான். வரம்பை நெருங்கும்போது எஸ்எம்எஸ் வருகிறது. அம்மாவின் போனில் படிக்காத எஸ்எம்எஸ் ஆயிரத்துக்கு மேல் கிடக்கின்றன.

ஆனால் 1,000 ஜிபி என்பது கொஞ்சநஞ்சமல்ல. நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க அதிகபட்சம் 3 ஜிபி, 4கே தரம் என்றால் 7 ஜிபி. அம்மா தினம் நாலு மணி நேரம் டிவி பார்த்தாலும் 12 ஜிபி, மாதத்துக்கு 360. நிஜத்தில் சீரியல் அந்தளவுகூட இழுக்காது, நாளுக்கு 8 ஜிபி போனால் பெரிது. ஒற்றை மனுஷி இருக்கும் வீட்டில் மிச்சத்தைக் குடிப்பது யார்?

கஸ்டமர் கேரில் பேசியவர் பொறுமையாகத்தான் சொன்னார்: “உங்க வீட்லதான் சார் யாரோ யூஸ் பண்றாங்க.” அம்மாவுக்கு அந்த ‘யாரோ’ யார் என்பதில் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன்! கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக அவனுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தார். அதன்பின் கம்பெனி மாறியது, ரவுட்டர் மாறியது, பாஸ்வேர்டு மட்டும் மாறவில்லை. அது அப்பாவின் பழைய ஸ்கூட்டர் நம்பர்.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

அப்பா காலத்தில் கரண்ட் பில் எகிறினால் செய்கிற சோதனை ஒன்று உண்டு. மெயினை அணைக்காமல் வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மீட்டர் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். அலுமினியச் சக்கரத்தில் இருக்கும் கோடு நகர்ந்தால் எங்கோ கசிவு. டேட்டாவுக்கும் அதேதான் முதல் சோதனை. ரவுட்டருக்குள்ளும் ஒரு மீட்டர் இருக்கிறது. பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தால் (சில ரவுட்டர்களுக்கு எண் கொஞ்சம் மாறும், அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்) உள்ளே எங்காவது ‘ஸ்டேட்டஸ்’ என்றோ ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்றோ ஒரு பக்கம் வரும். வெளி இணைப்பில் எத்தனை பைட் வந்தது, எத்தனை பைட் போனது என்று இரண்டு எண்கள் அதில் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு எண்கள் என்பதுதான் விஷயமே. டேட்டா என்றதும் நாம் நினைப்பது வீட்டுக்குள் வருவதை மட்டும்: படம், பாட்டு, சீரியல். ஆனால் பல திட்டங்களில் வரவையும் அனுப்பலையும் கூட்டித்தான் வரம்பில் கழிக்கிறார்கள். அதைவிட முக்கியம், இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள விகிதம் திருடனின் கைரேகை மாதிரி. டிவி பார்த்தால் வரவு மலையாக இருக்கும், அனுப்பல் நூற்றுக்கு ஒன்றிரண்டு. ‘வந்து சேர்ந்தது, வந்து சேர்ந்தது’ என்று டிவி திருப்பிச் சொல்லும் ரசீதுகள் மட்டும்தான் அந்த ஒன்றிரண்டு. போனில் எடுத்த கல்யாண வீடியோக்களை கூகுள் போட்டோஸ் மேலே ஏற்றிக்கொண்டிருந்தால் விகிதம் தலைகீழ். இரண்டு எண்களும் ஜோடி போட்டுச் சமமாக ஏறினால்தான் நிஜமாகவே பயப்பட வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

இரவு 11 மணிக்கு அம்மா தூங்கியதும் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டேன். காலை 5 மணிக்கு மறுபடி. வரவு அற்பம். அனுப்பலில் மட்டும் சுமார் 221 கோடி பைட் கூடியிருந்தது, அதாவது 2.2 ஜிபி. தூங்குகிற வீட்டிலிருந்து ஏதோ வெளியே போகிறது, சரி. ஆனால் கணக்கு இடித்தது. ஆறு மணி நேரத்துக்கு 2.2 என்றால் நாளுக்கு 9 ஜிபி தேறாது. அது மாதம் 270 ஜிபிகூட ஆகாது, சீரியலையும் சேர்த்தால்கூட 1,000-க்குப் பாதிதான்.

காபியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் 30 கோடி பைட் ஏறியது. அப்படியானால் மணிக்கு 180 கோடி, இரவின் ஆறு மணி நேரத்துக்கு 1,080 கோடி. மீட்டர் காட்டியதோ 221. மிச்சம் எங்கே?

பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி 99,999-க்குப் பிறகு ஐந்து பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதுதான் நடந்திருக்கிறது. மலிவான ரவுட்டர்கள் சிலவற்றில் இந்த எண்ணை வைக்க 32 பிட் இடம்தான். அதில் அடங்குவது 4,294,967,296 பைட், ஏறக்குறைய 429 கோடி. நிரம்பியதும் சத்தமில்லாமல் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். இரவில் இரண்டு முறை நிரம்பி 859 கோடியை விழுங்கியிருக்கிறது. 1,080-இல் 859 போனால் 221. இந்தச் சிக்கல் சேவை நிறுவனங்களுக்கும் பழைய கதை. அவர்கள் பயன்பாட்டைப் பதிவுசெய்யும் ‘ரேடியஸ்’ முறையில் பைட் எண்ணிக்கைக்கு அதே 32 பிட் இடம்தான் இருந்தது. எத்தனை முறை நிரம்பி வழிந்தது என்பதை எண்ணவே ‘கிகாவேர்ட்ஸ்’ என்று தனியாக ஒரு கட்டத்தை 2000-இல் சேர்த்தார்கள்.

மீட்டரை நம்பி மோசம் போவதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரியில் ஒருவர் தன் எல்ஜி வாஷிங் மெஷின் நாளொன்றுக்கு 3.6 ஜிபிக்கு மேல் டேட்டா தின்கிறது என்று ரவுட்டர் வரைபடத்தோடு எக்ஸ் தளத்தில் போட்டார். துணி துவைக்கும் இயந்திரம் யாரோடு அப்படி என்ன பேசுகிறது என்று உலகமே சிரித்தது, ஹேக் செய்திருப்பார்கள் என்று பயந்தது, ரகசியமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறது என்றது. சில நாளில் அவரே சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பினார்: ஏசஸ் ரவுட்டர் கணக்கைத் தப்பாகக் காட்டியிருக்கலாம் என்று. குற்றவாளியைப் பிடிக்கும் முன் தராசைச் சரிபார்க்க வேண்டும் என்பதை நம் மளிகைக் கடைக்காரரிடமே கற்றிருக்கலாம்.

தராசுகளுக்குள் நியாயமான வித்தியாசமும் உண்டு. இணையத்தில் எதுவும் பொட்டலமாகத்தான் போகும். ஒரு பொட்டலம் வழக்கமாக அதிகபட்சம் 1,500 பைட், அதில் 40 பைட் முகவரியும் இதர குறிப்புகளும். கம்பெனி எண்ணுவது பொட்டலத்தோடு, சில ஆப்கள் காட்டுவது உள்ளே இருக்கும் சரக்கை மட்டும். போதாக்குறைக்குச் சிலர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்பார்கள், சிலர் 1,024-ஐ மும்முறை பெருக்கி வரும் 107 கோடியை ஒரு ஜிபி என்பார்கள். ஆக, இரண்டு தராசுகளுக்கு இடையே நூற்றுக்குப் பத்து வித்தியாசம் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம்.

இப்போது ஆளைப் பிடிக்க வேண்டும். ரவுட்டர் பட்டியலில் ஒன்பது கருவிகள் இருந்தன. நாலைந்துக்குப் பெயர் இருந்தது. மற்றவற்றுக்கு ‘மேக்’ முகவரி மட்டும்: பன்னிரண்டு எழுத்து-எண்கள். அதில் முதல் ஆறு, கருவியைச் செய்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் கிடைத்துவிடும். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்று இருந்தால் தேடிப் பயனில்லை, அது முகமூடி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் உண்மை முகவரியை மறைத்துப் பொய் முகவரி சொல்லித்தான் வைஃபையில் சேர்கின்றன. பக்கத்து வீட்டுப் பையன் இருந்தான்! மாடியிலிருந்து எட்டிக் கேட்டேன். “ஆமாண்ணா, எங்க வீட்ல நெட் போச்சுன்னா எடுப்பேன். அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான்” என்றான். அவன் போனை அணைக்கச் சொன்னேன். எண் ஓட்டம் நிற்கவில்லை. அம்மா முகத்தில் லேசான ஏமாற்றம்.

அடுத்துக் கண்ணில் பட்டது டிவிக்குப் பின்னால் தொங்கிய ஒரு கறுப்புப் பெட்டி. சித்தப்பா மகன் எங்கோ மலிவாக வாங்கிக் கொடுத்த பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ். எல்லாப் படமும் இலவசமாக வருமாம். இந்த வகைப் பெட்டிகளைப் பற்றித்தான் அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சிலவற்றில் ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற நச்சு மென்பொருள் குடியிருக்கிறது. அடுத்த மாதமே கூகுள் வழக்குப் போட்டது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் பாதிக்கப்பட்டதாகச் சொல்லி. அந்த மென்பொருள் உங்கள் வீட்டு இணைப்பையே உள்வாடகைக்கு விட்டுவிடும். முகம் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டு முகவரியிலிருந்து எங்கோ ஒரு வங்கித் தளத்தைத் தட்டிப் பார்ப்பார், பழி உங்கள் முகவரிக்கு. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய ‘911 எஸ்5’ வலைப்பின்னலும் இதே தொழில்தான். அது நுழைந்த வழி இலவச விபிஎன் ஆப்கள், அதில் சிக்கிய இணைய முகவரிகள் 1.9 கோடி. வந்ததை அப்படியே வெளியே தள்ளுவதால் இவற்றில் வரவும் அனுப்பலும் சமமாக ஏறும். முன்பு சொன்ன ஜோடி இதுதான். அம்மா வீட்டுப் பெட்டியில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன். சித்தப்பா மகனுக்கு வருத்தம்தான்.

மிச்சத்தைப் பாதி பாதியாக அணைத்துப் பார்த்தேன். பாதியை அணைத்ததும் ஓட்டம் நின்றால் ஆள் அந்தப் பாதிக்குள். பிறகு அதில் பாதி. ஆள் ஒன்றுதான் என்றால் ஒன்பது கருவிகளுக்கு நாலு சோதனைக்கு மேல் தேவைப்படாது. வாசல் கேமராவின் பிளக்கை உருவியதும் ஓட்டம் சரிபாதியானது. கொல்லைப்புறக் கேமராவையும் உருவினேன், அடியோடு நின்றது.

அடுத்த நிமிடம் சிங்கப்பூரிலிருந்து அண்ணனின் போன். “கேமரா ரெண்டும் போயிடுச்சே, அம்மா நல்லா இருக்காங்களா?”

அப்பா போன பிறகு பொருத்திய கேமராக்கள் அவை. நானாக இருந்தால் எப்போதாவது ஆப்பைத் திறந்து பார்ப்பேன். அண்ணன் ஒரு பழைய டேப்லட்டைத் தன் அறை மேசையில் நிறுத்தி, இரண்டு கேமராவையும் இரவு பகலாக ஓடவிட்டிருந்தான். கேமரா ஒவ்வொன்றும் நொடிக்கு 20 லட்சம் பிட் அனுப்பும். இரண்டும் சேர்ந்து 40 லட்சம், அதாவது 4 எம்பிபிஎஸ். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது நாளுக்கு 43.2 ஜிபி. சீரியலின் 8-ஐயும் சேர்த்தால் 51. இருபதாவது நாளில் 1,000 காலி. அம்மாவின் போன் தேதி தவறாமல் வந்ததன் ரகசியம் இதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று. வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை, பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும்தான் அனுப்பும். அப்படியானால் ஆளில்லாத வாசலுக்கு நள்ளிரவில் டேட்டாவே செலவாகக் கூடாதல்லவா? செலவாகிறது, இரண்டு காரணங்களால். மலிவுக் கேமராக்கள் பலவற்றில் நொடிக்கு இத்தனை பிட் என்று கோட்டா போட்டு வைத்திருப்பார்கள். யானை போனாலும் எறும்பு போனாலும் கோட்டா தீர்ந்தாக வேண்டும். அந்தக் கோட்டாவை மாறும் அளவுக்கு மாற்றி வைத்தாலும் இருட்டு சும்மா விடாது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் நடுங்கும், அவற்றையும் அசைவு என்றே மென்பொருள் எண்ணிக்கொள்ளும். வாசல் லைட்டை எரியவிட்டாலே கொஞ்சம் மிச்சமாகும்.

“அதை ஆஃப் பண்ணுன்னு மட்டும் சொல்லாதடா” என்றான் அண்ணன். “காலையில பால்காரர் மணி, அம்மா குக்கர் சத்தம்... இல்லாட்டி ரூம்ல ஒரு சத்தமும் கிடையாது.”

இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் ‘சப் ஸ்ட்ரீம்’ என்று ஒரு குறைந்த தரம் இருக்கும். நொடிக்கு 3 லட்சம் பிட் போதும், சத்தம் குறையாது. இரண்டையும் அதற்கு மாற்றினேன். வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றி, புதியதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மா கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அடுத்த மாதக் கணக்கு 430 ஜிபி சொச்சத்தில் நின்றது.

அண்ணனுக்கு மட்டும் கோலத்தில் புள்ளி தெரியவில்லை என்று குறை. மார்கழி மாதம் முழுக்க, காலை 5-லிருந்து 8 வரை, வாசல் கேமராவில் மட்டும் ஹெச்டி பொத்தானை அழுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.