மோட்டார் சைக்கிளும் வெயிலும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியில், கடுகண்ணாவை ஏற்றத்தில், நண்பகலிற் பயணஞ் செய்தோர் இக்காட்சியை அறிவர். கணவனும் மனைவியும் பயண மூட்டைகளுடன் ஏறிவந்த மோட்டார் சைக்கிள் ஒன்று வீதியோரத்தில் நின்றுவிடும். இயந்திரத்தில் அனல் பறக்கும். "எல்லாம் இந்த வெயிலின் கொடுமை" என்பார் ஒருவர். இன்னொருவர் தண்ணீர்ப் போத்தலுடன் ஓடிவருவார். உண்மையில் வெயில்தான் குற்றவாளியா? சற்று ஆராய்வோம்.

மோட்டார் கார்களிற் பெரும்பாலானவற்றின் இயந்திரத்தைச் சுற்றி நீர் ஓடி வெப்பத்தை அகற்றுகிறது. நம் வீதிகளில் ஓடும் சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்கு அவ்வசதி இல்லை, காற்றே கதி. பெற்றோல் எரிவதனால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே சில்லைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போக, மற்றது சிலிண்டரின் சுவரில் ஏறுகிறது. அச்சுவரைச் சூழ மீனின் செட்டைகள் போன்று அடுக்கப்பட்டுள்ள தகடுகள் அதனைக் காற்றிடம் ஒப்படைக்கின்றன.

இனி ஒரு சிறு கணக்கு. செட்டைகளின் வெப்பநிலை 150 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். காற்று 25 பாகையாயின் இடைவெளி 125; கடும் வெயிலிற் காற்று 35 பாகையாயின் இடைவெளி 115. ஆகவே, வெயிலால் நாம் இழக்கும் குளிர்ச்சி 8 வீதம் மாத்திரமே. ஆனால் வண்டி நின்றுவிட்டாலோ, வீசும் காற்றே அற்றுப்போகிறது. கெடுதி செய்வது வெயிலிலும் பார்க்க, காற்றில்லாத உழைப்பே என்பது இதனாற் புலனாகும்.

எனவே, புகையிரதக் கடவை மூடியிருக்கையிலும், வாகன நெரிசலில் நெடுநேரம் நிற்கையிலும் இயந்திரத்தை நிறுத்திவிடுதல் நன்று. ஏற்றத்தில் உயர்ந்த கியரில் வண்டியைத் திணறவிடாது, முன்கூட்டியே கியரைக் குறைத்தல் வேண்டும். செட்டைகளிற் படிந்த சேற்றை, இயந்திரம் ஆறியபின் கழுவுக. அவற்றின் முன்னே பையையோ துணியையோ தொங்கவிடற்க. இறுகிய சங்கிலியும், உராயும் பிரேக்கும், காற்றுக் குறைந்த டயரும் இயந்திரத்தின் சுமையைப் பெருக்குவன.

காற்றுக்கு அடுத்த துணை ஒயில். அது உராய்வைத் தடுப்பதோடு, பிஸ்டனின் வெப்பத்தையும் ஏந்திச் செல்கிறது. அளவு குறைந்தால் எஞ்சிய ஒயில் விரைவிற் சூடேறி மெலிந்துவிடும். ஆகையால் வாரம் ஒருமுறை அளவு பார்த்து, கையேடு கூறும் ஒயிலையே இடுதல் வேண்டும். நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றின் கிளச்சும் அதே ஒயிலில் நனைந்திருப்பதால், காருக்குரிய ஒயில் கிளச்சை வழுக்கச் செய்யலாம். போத்தலில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி உண்டோவென்று பார்த்து வாங்குக.

காபரேற்றர் அடைபட்டுப் பெற்றோல் குறைவாகச் சென்றாலும் சூடு மிகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: இளங் கபிலநிறம் நலத்தின் அறிகுறி, வெளிறிய வெண்மை எச்சரிக்கை.

ஓடும்போதே வலுக்குறைதல், உள்ளே தட்டும் ஓசை, எரிந்த நாற்றம் ஆகியன இயந்திரத்தின் முறையீடுகள். இவற்றைப் பொருட்படுத்தாது விரைந்தால், விரிந்த பிஸ்டன் சிலிண்டரில் இறுகி, பின்சில்லையும் பூட்டிவிடக்கூடும். அவ்வேளையில் வண்டி மாத்திரமன்று, பின்னால் அமர்ந்திருப்போரும் வீதியில் வீசப்படுவர். இறுகுவதை உணர்ந்த கணமே கிளச்சைப் பிடித்து, இடப்பக்கமாக ஒதுங்கி நிறுத்துக. நிழலில் அரைமணி நேரமாவது ஆறவிட்டு, ஒயிலைப் பார்த்தபின் புறப்படலாம். மீண்டும் அவ்வாறு நேர்ந்தால் பழுதுபார்ப்பவரை நாடுதலே அறிவுடைமை.

தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. கொதிக்கும் உலோகம் ஒருபுறம் திடீரெனச் சுருங்கினால் வெடிப்போ நெளிவோ உண்டாகலாம். கடுகண்ணாவையில் ஓடிவந்த அன்பருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: போத்தலை அந்தக் கணவனிடமும் மனைவியிடமும் கொடுங்கள். அவர்கள் நீர் பருகி இளைப்பாறும் நேரத்தில், இயந்திரமும் தானாகவே ஆறிவிடும்.