இருட்டுக் கடலுக்குக் கறுப்பு வேண்டாம்

மூணு மாசத்துக்கு முன்னாடி, புயலுக்கு முந்தைய கடல் ஒன்றை ஆயில் பெயிண்ட்டில் வரைய உட்கார்ந்தேன். இருட்டுக் கடல்தானே, கறுப்பையும் வெள்ளையையும் கலந்து இழுத்துவிட்டால் ஆச்சு என்று நினைப்பு. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், நேத்து பூசின சிமெண்ட் தரை மாதிரி இருந்தது. ஒரு ஓரமா படகு ஒண்ணு வைத்தேன். சிமெண்ட் தரையில் நிறுத்தின படகாச்சு, அவ்வளவுதான்.

தப்பு எங்கே என்று தேடியபோது வந்து மாட்டியவர் இவான் ஐவஸோவ்ஸ்கி (1817–1900). கிரிமியாவில் ஃபியோதோசியா என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். வாழ்நாள் முழுக்கக் கடலை வரைந்தவர், அதுவும் பெரும்பாலும் நினைவிலிருந்தே. 1898-இல், எண்பது வயசைத் தாண்டிய பிறகு, 'அலைகளின் நடுவே' என்று நாலு மீட்டருக்கு மேல் அகலமான ஒரு படம் வரைந்தார். கரை இல்லை, கப்பல் இல்லை. கரிய வானம், புரளும் தண்ணீர், மேகத்தைப் பிளந்து இறங்கும் ஒரு வெளிச்சம். மொத்தமே நீலம், பச்சை, சாம்பல்தான். ஆனாலும் உயிரோட இருக்கு. எப்படி?

கொஞ்சம் இயற்பியல் பார்க்கலாம். தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால், அதில் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் பிரதிபலிக்கும். மீதி உள்ளே போய்விடும். பார்வை சாயச் சாய பிரதிபலிப்பு கூடும். கணினியில் கடலை உருவாக்குகிறவர்கள் 'ஃப்ரெனெல்' என்று போடும் கணக்கு இதுதான். அதனால் தூரத்துக் கடல் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். நம்மைப் பார்த்து எழும்பும் அலையின் முகத்தில் தண்ணீரின் சொந்தப் பச்சை தெரியும். அலையின் உச்சி மெல்லியது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அதை ஊடுருவி ஒளிரும். ஒரே அலையில் இத்தனை நடக்குது. நான் எல்லாத்துக்கும் ஒரே சாம்பலைப் பூசியிருந்தேன்.

இதை ஆயிலில் கொண்டுவர மூணு கட்டம்.

ஒன்று, அடிப்பூச்சு. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் கலந்தால் ஆழமான இருட்டு கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் வெதுவெதுப்பு. கறுப்பு மட்டும் போட்டால் இந்த அசைவு கிடைக்காது. டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசணும். அலை உச்சிகளை மட்டும் வெளிறலாக விட்டுவிடணும்.

இரண்டு, அது காய்ந்த பிறகு ஒளி ஊடுருவும் பச்சையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து மெல்லிசா மேலே ஓட்டணும். வெளிச்சம் அந்தப் படலத்தைத் தாண்டி, கீழே விட்டுவைத்த வெளிறலில் பட்டுத் திரும்பி வரும். நிஜ அலையிலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்குது. ஐவஸோவ்ஸ்கியின் அலைகள் ஒளிர்வதும் இப்படிப்பட்ட மெல்லிய பூச்சுகளால்தான்.

மூன்று, நுரை. கெட்டியான வெள்ளை, கடைசியில், கொஞ்சமே கொஞ்சம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் படத்தில் ஒரே ஒரு இடம்தான் பளிச்சென்று தெரியணும். ரெண்டு இடம் தெரிந்தால் சோகம் போச்சு.

அடுக்குகளில் ஒரு விதி உண்டு: கீழே எண்ணெய் குறைவு, மேலே அதிகம். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெதுவாக இறுகுகிறது. மேலடுக்கு முதலில் இறுகி, கீழடுக்கு அப்புறம் அசைந்தால் வெடிப்பு விழும்.

இப்போ அந்தப் படகு விஷயம். 'அலைகளின் நடுவே' படத்திலும் முதலில் ஆட்களோடு ஒரு படகு இருந்ததாம். ஐவஸோவ்ஸ்கி பிறகு அதை எடுத்துவிட்டாராம். படிச்சப்போ சுருக்கென்று இருந்தது. கடல் தனியா நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் படகு வைத்தேன்.

போன வாரம் புது கான்வாஸ் போட்டேன். பழக்கதோஷம், மறுபடியும் ஒரு படகு வந்துவிட்டது. மறுநாள் காலையிலும் பெயிண்ட் ஈரமாகவே இருந்தது. பாலெட் நைஃபை எடுத்துச் சுரண்டிவிட்டேன். சுரண்டின இடத்தில் அடிப்பூச்சு லேசாகத் தெரியுது. அதை அப்படியே விட்டிருக்கேன்.